கெட்டாலும் பூட்டியே கெடணும்

நாகல்நகரில் நாங்கள் குடியிருந்த சந்தில் காலை ஆறு மணிக்கெல்லாம் அரம் இழுக்கும் சத்தம் ஆரம்பித்துவிடும். ஒரு வீட்டுத் திண்ணையில் தகடு வெட்டுவார்கள்; எதிர்வீட்டில் ரிவிட் அடிப்பார்கள்; எங்கள் வீட்டில் அப்பா லீவர் அராவுவார். திண்டுக்கல் பூட்டு என்று வெளியூர்க்காரர்கள் பேர் சொல்லி வாங்குகிற சாமான் ஒரே கூரைக்குள் உருவாகி வருவதில்லை. நாலைந்து வீட்டு வாசலில் உட்கார்ந்து எழுந்துதான் கடைக்குப் போய்ச் சேரும். அப்பாவுக்குப் பீஸ் ரேட். எத்தனை பூட்டு பொருத்தினாரோ அத்தனைக்குக் கூலி. சனிக்கிழமை சாயங்காலம் பட்டுவாடா.

நாற்பது வருஷம் பித்தளையும் அரமும் பிடித்த விரல்களில் ரேகை தேய்ந்து போயிருந்தது. பின்னாளில் விரல் வைத்துத் திறக்கும் போன் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். ஒன்றைக்கூட அது ஏற்கவில்லை. “ஊருக்கெல்லாம் பூட்டு செஞ்சவனை இந்தப் பூட்டு உள்ள விடமாட்டேங்குது பாரு” என்று சிரித்துவிட்டுப் பழைய பட்டன் போனுக்கே போய்விட்டார்.

பூட்டைப் பிரித்துப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உள்ளே தட்டையான பித்தளைத் தகடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். அவைதான் லீவர். ஒவ்வொன்றையும் ஒரு மெல்லிய ஸ்பிரிங் கீழே அழுத்திக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன வழி வெட்டியிருக்கும். சாவியின் பற்கள் அந்தந்த லீவரை அதனதன் உயரத்துக்குத் தூக்கினால் எல்லா வழிகளும் நேராகும், தாழின் முளை உள்ளே நுழையும், பூட்டு திறக்கும். ஒரு லீவர் மயிரிழை கூடவோ குறையவோ நின்றால் முளை முட்டிக்கொண்டு நிற்கும். ஆறு லீவர், எட்டு லீவர் என்று விலை ஏறுவது இதனால்தான்.

அப்பா அளவுகோல் வைத்துப் பார்த்ததை நான் கண்டதில்லை. சாவியைப் போட்டுத் திருப்புவார். வெளியே எடுப்பார். லீவரை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், உரசின இடத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு மினுக்கம் தெரியும். அந்த இடத்தில் மட்டும் அரத்தை இரண்டு இழுப்பு. மறுபடி சாவி, மறுபடி வெளிச்சம். ஒரு லீவருக்கு ஏழெட்டுத் தடவை. இப்படிச் செய்த பூட்டுக்கு அதன் சாவியைத் தவிர வேறொன்று சேராது. பக்கத்திலேயே உட்கார்ந்து அடுத்து அவர் செய்த பூட்டின் சாவிகூடச் சேராது.

நான் ஏழாவது படிக்கும்போது சிறுமலை வாழைப்பழ மண்டிக்காரர் ஒருவர் கத்திக்கொண்டே பட்டறைக்கு வந்தார். கிட்டங்கிப் பூட்டு இறுகிவிட்டது, சாவி திரும்பவில்லை, உள்ளே பழம் கனிந்துகொண்டிருக்கிறது. “என்ன ஆசாரி பூட்டு செஞ்சு குடுத்தீக? திறக்கவே மாட்டேங்குது!” அப்பா பதில் பேசாமல் சைக்கிளை எடுத்தார், நான் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். மண்ணெண்ணெய் விட்டு, மரச்சுத்தியால் தட்டி, அரைமணி நேரம் போராடித் திறந்தார். உள்ளே ஒரு ஸ்பிரிங் ஒடிந்து லீவர்களுக்கு நடுவில் சிக்கியிருந்தது. திரும்பி வரும்போது சொன்னார்: “பூட்டுன்னா ஒரு நாள் கெடத்தான் செய்யும் தம்பி. கெட்டாலும் பூட்டியே கெடணும். திறந்துக்கிட்டுக் கெட்டா அது பூட்டு இல்ல, வெறும் தகரம்.”

அன்றைக்கு அது எனக்கு மண்டிக்காரருக்குச் சொல்லாமல் விட்ட பதிலாகத்தான் பட்டது.

இந்த ஊரில் பூட்டு எப்படி வந்தது என்று கேட்டால் பெரியவர்கள் சங்கரலிங்க ஆசாரி சகோதரர்களைச் சொல்வார்கள். நூறு வருஷத்துக்கு மேலான கதை. அவர்களிடம் கற்றவர்கள் தனிப்பட்டறை போட்டார்கள், அவர்களிடம் கற்றவர்கள் வேறு பட்டறை போட்டார்கள். நாகல்நகர், நல்லாம்பட்டி, குடைப்பாறைப்பட்டி, பாறைப்பட்டி, யாகப்பன்பட்டி, அடியனூத்து என்று ஊரைச் சுற்றித் தொழில் பரவியது. உலோக வேலை அதற்கு முன்பே இங்கே உண்டு. திண்டு மாதிரிக் கிடக்கிற அந்தப் பாறையின் மேல் 1605-இல் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் கோட்டை கட்டத் தொடங்கினார். 1755-இல் மைசூர்ப் படையோடு பௌஜ்தாராக வந்த ஹைதர் அலி, பிரெஞ்சுக்காரர்களை வைத்து இங்கே ஆயுதச்சாலை நடத்தினார். 1792-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. பீரங்கி வார்த்த உலைக்கும் பூட்டு அராவிய திண்ணைக்கும் நேர்த்தொடர்பு இருப்பதாக நான் சொல்ல வரவில்லை. ஆனால் தண்ணீர் பஞ்சமான இந்த ஊரில் விவசாயத்தை மட்டும் நம்பி எல்லோரும் சாப்பிட்டிருக்க முடியாது. புகையிலை, தோல், பூட்டு என்று கைத்தொழில்கள்தான் டவுனுக்குச் சோறு போட்டன.

மாங்காய்ப் பூட்டு, சதுரப் பூட்டு, பெட்டிப் பூட்டு, அலமாரிப் பூட்டு, திருப்பினால் மணியடிக்கும் பூட்டு என்று ரகங்கள் ஏராளம். கோயில் நடைக்கும் சிறைக்கும் கிட்டங்கிக்கும் போகிற பூட்டுகள் குழந்தையைத் தூக்குகிற கனம் இருக்கும். மணிப்பூட்டு அப்பாவுக்குப் பிடிக்காது. “திருடனுக்குக் காது இல்லையா? மணி கேட்டா ஓடிப்போயிருவான், நாளைக்கு வருவான்” என்பார். பூட்டு பேசக்கூடாது என்பது அவர் கட்சி.

அவருக்குத் தெரியாத ஒன்று: பேசும் பூட்டைப் பற்றி லண்டனில் நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே பெரிய பஞ்சாயத்து நடந்திருக்கிறது. 1778-இல் ராபர்ட் பாரன் என்பவர் லீவர் பூட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். 1818-இல் ஜெரமையா சப் அதில் ஒரு கண்ணி சேர்த்தார். யாராவது கம்பி விட்டு நோண்டி, ஒரு லீவரை அளவுக்கு மேல் தூக்கிவிட்டால் பூட்டு அப்படியே இறுகிக்கொள்ளும். சொந்தக்காரர் சாவி போடும்போது அது திரும்பாது; ‘எவனோ கை வைத்திருக்கிறான்’ என்று தெரிந்துவிடும். பின்னால் வந்த ரகங்களில் சாவியை எதிர்ப்பக்கம் திருப்பினால் சரியாகிவிடும். 1851-இல் பெரிய கண்காட்சிக்கு வந்த அமெரிக்கர் ஆல்பிரட் சார்லஸ் ஹாப்ஸ் அதை 25 நிமிஷத்தில் திறந்துவிட்டார். எப்படி? இறுகச் செய்தார், விடுவித்தார், மறுபடி இறுகச் செய்தார். எந்த லீவர் எவ்வளவு தூக்கினால் இறுகுகிறது என்பதைப் பூட்டே அவருக்குச் சொல்லிக்கொடுத்தது. பிக்காடில்லி கடை ஜன்னலில் 200 கினி பந்தயத்தோடு பல பத்தாண்டுகள் தொங்கிய பிராமா பூட்டையும் 16 நாளில், மொத்தம் 51 மணி நேரம் உட்கார்ந்து திறந்தார். இதையெல்லாம் வெளியே சொல்லலாமா, திருடனுக்குப் பாடமாகிவிடாதா என்று பத்திரிகைகள் குதித்தன. திருடர்களுக்கு முன்பே தெரியும், தெரியாதவர்கள் பூட்டு வாங்குகிற அப்பாவிகள்தான் என்பது ஹாப்ஸ் தரப்பு. கம்ப்யூட்டர்க்காரர்கள் இன்றுவரை அதே சண்டையைப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நான் அரம் பிடிக்கவில்லை. அப்பாவே பிடிக்கவிடவில்லை. கம்ப்யூட்டர் படித்துவிட்டு, 1995-இல் வெளியூர்க் கல்லூரி ஒன்றில் லேப் உதவியாளராகச் சேர்ந்தேன். அங்கே எட்டு யூனிக்ஸ் வொர்க்ஸ்டேஷன்கள். மாணவர்கள் இருநூறு பேர். ஒரு இடம் கிடைக்க நாயடி பேயடி. கிடைத்தவன் டீ குடிக்கப் போகும்போது திரையைப் பூட்டிவிட்டுப் போவான். அதற்கான நிரலின் பெயர் எக்ஸ்லாக். 1980களின் கடைசியில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஊழியர் ஒருவர் எழுதியது. பிறகு பலர் கைபட்டு, டேவிட் பாக்லி பராமரித்த எக்ஸ்லாக்மோர் என்ற பெயரில் பெருத்தது. திரை கறுத்து, தேனீக்கூட்டம் மாதிரிப் புள்ளிகள் அலையும், வண்ணக்கோலங்கள் விரியும். ஒரு விசையைத் தட்டினால் கடவுச்சொல் கேட்கும். டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறவனுக்காக எட்டில் ஐந்து திரைகளில் தேனீ பறந்துகொண்டிருக்கும். வாசலில் இருபது பேர் என்னை முறைத்துக்கொண்டு நிற்பார்கள்.

1997 மே 7 அன்று கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் அமெரிக்காவின் செர்ட் அமைப்பு எக்ஸ்லாக் பற்றி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அந்த வருஷத்தின் 13-ஆவது எச்சரிக்கை. வி.எஸ்.என்.எல். டயல்-அப்பில் மின்னஞ்சலாக எனக்கும் வந்தது. படித்தேன், அச்செடுத்தேன், ஃபைலில் கோத்தேன். திருத்தம் போடவில்லை. பரீட்சை முடியட்டும் என்று நினைத்தேன்.

ஜூலையில் ஒரு நாள் இறுதியாண்டுப் பையன் ஒருவன் என்னை அழைத்தான். “சார், இதைக் கொஞ்சம் பாருங்க.” ஒரு சின்ன நிரலை ஓட்டினான். அது எக்ஸ்லாக்கைக் கூப்பிட்டு, ‘உன் பெயர் இது’ என்று ஒரு நீண்ட சரத்தைக் கொடுத்தது. திரையில் தேனீ வரவில்லை. அடுத்த வரியில் # என்ற குறி மட்டும் வந்து நின்றது. சாதாரணப் பயனருக்கு அந்தக் குறி வராது. அது ரூட், அந்த இயந்திரத்தின் சர்வாதிகாரி. இருநூறு பேரின் கோப்புகள், மதிப்பெண், கடவுச்சொல் கோப்பு எல்லாம் அந்த ஒரு குறிக்குப் பின்னால். பையன் நல்லவன், கையைக் கட்டிக்கொண்டு நின்றான். எனக்குத்தான் வேர்த்தது.

அடுத்த வாரம் ஊருக்குப் போனபோது அப்பாவிடம் சொன்னேன். பூட்டு சம்பந்தப்பட்டது என்றதும் அரத்தைக் கீழே வைத்தார்.

எப்படி விளக்குவது? அவர் முன்னாலேயே சாமான் இருந்தது. அப்பாவின் தகரத் தட்டில் வரிசையாகக் குழிகள். முதல் குழியில் ரிவிட், அடுத்ததில் ஸ்பிரிங், அதற்கடுத்ததில் லீவர். கடைசிக் குழியில் ஒரு சீட்டு: ‘இது முடிந்ததும் இன்னார் ஆர்டரைப் பார்.’ எடுபிடிப் பையன் ஒருவன் இருப்பான். கையிலுள்ள வேலை முடிந்ததும் சீட்டைப் படித்து அதன்படி செய்வான். யார் எழுதிய சீட்டு என்று கேட்க மாட்டான்.

“இப்ப ரிவிட் குழியில நூறு ரிவிட் பிடிக்கும்பா. ஒருத்தன் ஆயிரம் ரிவிட்டைக் கொண்டுவந்து கொட்டுறான். பையன் எண்ணிப் பாக்கல, அப்படியே கவுக்குறான். என்ன ஆகும்?”

“வழிஞ்சு பக்கத்துக் குழிக்குப் போகும்.”

“அதுக்கும் பக்கத்துக் குழிக்குப் போகும். கடைசிக் குழி வரைக்கும் போகும். ரிவிட்டோட ரிவிட்டா அவன் தன் சீட்டு ஒண்ணையும் கலந்து வச்சிருந்தா?”

அப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “பையன் அந்தச் சீட்டைப் படிப்பான்.”

இதுதான் இடைநினைவக வழிவு; பஃபர் ஓவர்ஃப்ளோ என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். நினைவகத்தில் பெயருக்கென்று அளவான ஓர் இடம் ஒதுக்கியிருக்கும். சி மொழியின் பழைய நகலெடுக்கும் செயற்கூறுகள் எடுத்து வைக்கும்போது அளவு கேட்பதில்லை. பக்கத்திலேயே, ‘இந்த வேலை முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும்’ என்ற முகவரி எழுதியிருக்கும். பெயர் வழிந்து அந்த முகவரியை அழித்து எழுதினால், இயந்திரம் வந்தவன் சொன்ன இடத்துக்குப் போகும். அந்தப் பெயருக்குள்ளேயே, எழுத்து என்ற வேஷத்தில், கட்டளைகளும் ஒளிந்திருக்கும்.

அப்பா ஒரு கேள்விதான் கேட்டார். “சரி, பையன் தப்பு வேலை செஞ்சான். அதுக்கு எப்படி அந்தப் பய கையில ஊர்ச்சாவி வந்துச்சு?”

சரியான இடத்தில் அரம் வைத்துவிட்டார். எக்ஸ்லாக் கடவுச்சொல்லைச் சரிபார்க்க, யாரும் படிக்க முடியாத கடவுச்சொல் கோப்பைப் படிக்க வேண்டும். அதற்காக அதை யார் ஓட்டினாலும் ரூட் அதிகாரத்தோடு ஓடும்படி அமைத்திருந்தார்கள். செட்யுஐடி என்று அதற்குப் பெயர். திரையில் தேனீ பறக்கவிடுவதும் அதே அதிகாரத்தில்தான், தன் பெயரைப் படிப்பதும் அதே அதிகாரத்தில்தான். அப்பா தலையை ஆட்டினார். “ஒரு கதவைப் பூட்டுற பூட்டுக்குள்ள ஊர்ச்சாவியை வச்சுத் தச்சிருக்கீக. எவன்டா உங்களுக்குத் தொழில் சொல்லிக்குடுத்தது?”

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்பதே உண்மை. இத்தனைக்கும் பாடம் ஒன்பது வருஷம் முன்பே நடந்துவிட்டது. 1988 நவம்பர் 2 அன்று ராபர்ட் மோரிஸ் என்ற மாணவர் விட்ட புழு, ஃபிங்கர் என்ற சேவைநிரலில் 512 பைட் பிடிக்கும் இடத்தில் 536 பைட்டைக் கொட்டித்தான் பல இயந்திரங்களுக்குள் நுழைந்தது. 1996 நவம்பரில் ஃப்ராக் என்ற ஹேக்கர் இதழில் ஆலெஃப் ஒன் என்ற புனைபெயரில் ஒருவர், அந்தத் திரும்பும் முகவரி இருக்கிற நினைவக அடுக்கை (ஸ்டாக்) உடைப்பது எப்படி என்று சமையல் குறிப்பு மாதிரிப் படிப்படியாக எழுதினார். அதற்குப் பிறகு ரூட் அதிகாரம் சுமந்த நிரல்களை ஒவ்வொன்றாகப் பையன்கள் தட்டிப் பார்த்தார்கள். ஆறே மாதத்தில் எக்ஸ்லாக்கின் முறை வந்தது.

திருத்தம் வரும்வரை தாங்க இரண்டு வழிகள் புழங்கின. ஒன்று, அந்த ரூட் அதிகாரத்தைப் பிடுங்கிவிடுவது; பூட்டு வேலை செய்யாது, ஆபத்தும் இல்லை. இன்னொன்று ஆஸ்திரேலியாவின் ஆஸ்செர்ட் குழு கொடுத்த உறை. அசல் நிரலுக்கு முன்னால் ஒரு சின்ன நிரல் உட்கார்ந்து, வருகிற பெயர் எவ்வளவு நீளம் என்று மட்டும் பார்க்கும். நீளமானால் திருப்பி அனுப்பும். நான் இரண்டாவதைப் போட்டேன். அப்பாவின் தட்டுப் பக்கத்தில் ரிவிட் எண்ணுவதற்கென்று தனியாக ஒரு கிழவரை உட்கார வைத்த மாதிரி. அசிங்கமான ஏற்பாடு, ஆனால் ஒரு வருஷம் எங்கள் லேப்பைக் காப்பாற்றியது.

1998-இல் கிரிஸ்பின் கோவனும் கூட்டாளிகளும் கொண்டுவந்த ஸ்டாக்கார்ட் இன்னும் நயமான வேலை. திரும்பும் முகவரிக்கு முன்னால் ஓர் எண்ணை வைத்துவிடுவார்கள். எது வழிந்து வந்தாலும் அந்த எண்ணை அழிக்காமல் முகவரியைத் தொட முடியாது. திரும்புவதற்கு முன் எண் அப்படியே இருக்கிறதா என்று பார்ப்பது. மாறியிருந்தால் நிரலை அந்த இடத்திலேயே கொன்றுவிடுவது. அவர்கள் அதற்குச் சுரங்கத்துக் கேனரிக் குருவியின் பெயரை வைத்தார்கள். நம் ஊரில் அதற்கு ஈடு, கோர்ட் அமீனா பூட்டைத் துணியால் சுற்றி வைக்கும் அரக்கு முத்திரை. முத்திரை பூட்டுக்குப் பலம் சேர்ப்பதில்லை. உடைந்ததைக் காட்டிக்கொடுக்கும்.

எனக்கு இதில் ரொம்பத் திருப்தி. அப்பாவிடமும் சொன்னேன். அவர் முழுசாகக் கேட்டுவிட்டு, “முத்திரை உடைஞ்சா நிரல் செத்துரும். சரி. திரையைப் பூட்டி வச்சிருக்கிறதே அந்த நிரல்தானே? அது செத்தா திரை?” என்றார்.

திறந்துகொள்ளும்.

யூனிக்ஸின் எக்ஸ் சாளர அமைப்பில் பூட்டு என்று தனியாக எதுவும் கிடையாது. எக்ஸ்லாக் என்பது எல்லாச் சாளரங்களுக்கும் மேலே விரித்த ஒரு பெரிய கறுப்புத் திரைச்சீலை. விசைப்பலகையையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும். அவ்வளவுதான். அந்த நிரல் எந்தக் காரணத்தால் செத்தாலும் சீலை விழுந்துவிடும். பின்னால் இருப்பது அப்படியே தெரியும். ரூட் அதிகாரத்தைக் காப்பாற்ற நிரலைக் கொன்றால், காவல் வைத்த மேசை திறந்து கிடக்கும். மண்டிக்காரரின் பூட்டில் ஸ்பிரிங் ஒடிந்தால் பழம் உள்ளே அழுகும், ஆனால் கதவு திறக்காது. இங்கே தலைகீழ். எக்ஸ்ஸ்கிரீன்சேவர் எழுதிய ஜேமி ஜவின்ஸ்கி 2004-லேயே இதைத் தலையில் அடித்துக்கொண்டு எழுதினார்: பூட்டும் நிரலுக்குள் அலங்காரப் பொத்தான், பெட்டி, நூலகம் என்று எதையும் திணிக்காதீர்கள், அதில் எது செத்தாலும் பூட்டும் கூடச் சாகும் என்று.

கேட்டவர்கள் குறைவு. 2021 ஜனவரியில் லினக்ஸ் மின்ட் பயன்படுத்தும் ஒருவர் புகார் எழுதினார். அவர் கணினித் திரையைப் பூட்டி வைத்திருக்கிறார், அவருடைய பிள்ளைகள் விசைப்பலகையையும் திரையில் தெரியும் விசைப்பலகையையும் சேர்த்துக் கண்டபடி தட்டியிருக்கிறார்கள், பூட்டு விழுந்துவிட்டது. ஆராய்ந்தால், திரை விசைப்பலகையில் மேலே கோடு போட்ட ஓர் ஆங்கில உயிரெழுத்தைத் தேர்ந்தால் அந்த விசைப்பலகையை இயக்கும் நிரல் நூலகம் சாகிறது, அதோடு பூட்டும் சாகிறது. குழந்தைகள் இருவர் விளையாட்டாகத் திறந்த பூட்டு. அப்பா அதைப் பார்க்க உயிரோடு இல்லை. அவருக்குச் சொல்ல முடியாமல் போனதில் எனக்கு வருத்தம்தான்.

ஆனால் 2015-இல் நடந்ததை அவருக்குச் சொன்னேன். ஆண்ட்ராய்டு 5 போன்களின் பூட்டில் ஓர் ஓட்டையை டெக்சாஸ் பல்கலைக்கழக ஆஸ்டின் வளாகத்துப் பாதுகாப்புக் குழு கண்டுபிடித்தது. பூட்டிய போனில் அவசர அழைப்புப் பக்கத்துக்குப் போய்ப் பத்து நட்சத்திரக் குறிகளை அடிக்க வேண்டும். அதைப் பிரதியெடுத்து ஒட்டினால் இருபது, மறுபடி ஒட்டினால் நாற்பது, அப்படியே இரட்டித்துக்கொண்டே போக வேண்டும். பிறகு கேமராவைத் திறந்து, அங்கிருந்து அமைப்புகளைத் தொட்டால் கடவுச்சொல் கேட்கும். அந்தக் கட்டத்தில் இந்த நீளச் சரத்தைத் திரும்பத் திரும்பக் கொட்டினால், தாங்க முடியாமல் பூட்டுத்திரை விழுந்து போன் திறந்துகொள்ளும். கறாராகச் சொன்னால் இது 1997-இன் வழிவு இல்லை. முகவரியை யாரும் அழித்து எழுதவில்லை. அளவு கேட்காமல் வாங்கிக்கொண்ட குற்றம் மட்டும் அதே. எண்ணாலோ கோலத்தாலோ பூட்டியவர்கள் தப்பினார்கள். நீளமான கடவுச்சொல் வைத்த சமர்த்தர்கள் மாட்டினார்கள். செப்டம்பரில் கூகுள் திருத்தியது. அப்பா கேட்டுவிட்டுச் சொன்னது: “சாவித் துவாரத்துல மண்ணைப் போட்டு அடைச்சா திறக்குற பூட்டு! நம்ம ஊர்ல இதைச் செஞ்சிருந்தா கல்யாணத்துக்குப் பொண்ணு குடுக்கமாட்டான்.”

அடுத்த வருஷம் அவர் போய்விட்டார். அவருடைய தகர டிரங்குப் பெட்டி ஒன்று பரணில் இருந்தது. அவரே செய்த எட்டு லீவர் பூட்டு அதில் தொங்கியது. சாவி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. தெருவிலேயே மூத்த கைக்காரர் ஒருவரை அழைத்து வந்தேன். கம்பி, எண்ணெய், வெறுஞ்சாவி என்று மூன்று மணி நேரம் உட்கார்ந்தார். கடைசியில் சிரித்துக்கொண்டே எழுந்து, பெட்டியைத் திருப்பி வைத்து, பின்பக்கக் கீலின் ஆணிகளை உளியால் தட்டினார். ஐந்து நிமிஷம். மூடி பின்னால் திறந்தது. உள்ளே கூலி எழுதிய நோட்டுகளும் நான் 1997-இல் அச்செடுத்துக் காட்டிய அந்த எச்சரிக்கைத் தாளும் இருந்தன. ஒரு வார்த்தை ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர் அதை எதற்கு வைத்திருந்தார் என்று கேட்காதீர்கள்.

எக்ஸ்லாக்கிலும் நடந்தது இதுவே. கடவுச்சொல்லை யாரும் கண்டுபிடிக்கவில்லை, பூட்டின் முகத்தில் யாரும் கை வைக்கவில்லை. ‘உன் பெயர் என்ன’ என்று கேட்கிற, ஒருவரும் காவல் போடாத பின்பக்கக் கீலைத்தான் தட்டினார்கள்.

இப்போது வேலண்ட் என்ற புதிய சாளர அமைப்பில், திரைப்பூட்டு நிரல் செத்தாலும் திரை பூட்டியே இருக்க வேண்டும் என்று நெறிமுறையிலேயே 2022-இல் எழுதி வைத்துவிட்டார்கள். பூட்டியிருக்கிறதா இல்லையா என்பதை அலங்காரம் காட்டும் நிரல் முடிவு செய்யாது. அடியில் இருக்கும் அமைப்பு முடிவு செய்யும். நாகல்நகர்த் திண்ணையில் எழுபதுகளிலேயே சொன்ன சங்கதி. சொன்னவருக்குக் காப்புரிமை கிடைக்கவில்லை.

திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு 2019 ஆகஸ்டில் கிடைத்தது. பூட்டு, இரும்புச் சாமான் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் விண்ணப்பித்துப் பெற்றது. சந்தோஷம்தான். ஆனால் அலிகாரில் நெடுங்காலமாக ஆலை வைத்துப் பூட்டு செய்கிறார்கள். பம்பாயில் 1897-இல் கோத்ரெஜ் தொடங்கியதே பூட்டில்தான். இயந்திரம் அச்சடித்துத் தள்ளுகிற விலைக்கு, ஒரு லீவரை ஏழு தடவை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறவரால் கொடுக்க முடியாது. எங்கள் சந்தில் இப்போது காலை ஆறு மணிக்கு அரச்சத்தம் கேட்பதில்லை. திண்ணைகளில் பைக் நிற்கிறது. பிள்ளைகள் கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள். நானும் போனவன்தான், யாரையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டுப் பரணிலோ பூஜையறைக் கதவிலோ பழைய திண்டுக்கல் பூட்டு இருந்தால், சாவி தொலைந்துவிட்டது என்று பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கடப்பாரையை வைத்து உடைக்கவும் செய்யாதீர்கள். நாகல்நகர்ப் பக்கம் எடுத்துக்கொண்டு வந்து விசாரியுங்கள். பிரித்து, அராவி, புதுச் சாவி போட்டுத் தருகிற கைக்காரர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். கூலியில் பேரம் பேசாதீர்கள்.